பீச்சாங்குழலுக்குக் காவல்

என் மச்சான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, கொடியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை என்றால் தவறிப்போய் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பல தடவை. கல்யாணம் ஆகி, ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் உத்தியோகமும் பார்த்து, ஊரில் நாலு பேர் 'சார்' என்று கூப்பிடுகிற ஒருவன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அந்தத் துண்டில் விளக்கெண்ணெய் வாசனை அடிக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அடித்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

உத்திரமேரூரில் எங்கள் தெருவில் கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள் உறியடி. வழவழவென்று சீவிய மரத்தில் எண்ணெயைப் பூசி நட்டு, உச்சியில் உறியைக் கட்டிவிடுவார்கள். மற்ற ஊர்களில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். எங்கள் தெருவில் ஏறுகிறவர்கள் தெருவில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள் மட்டும். கீழே நின்று அவர்கள் முகத்தில் பீச்சாங்குழலால் தண்ணீர் பீய்ச்சி இறக்குகிறவர்கள் தெருவிலேயே பிறந்த ஆண்கள். வருஷம் முழுக்க மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை போட்டு, விசிறி வீசி, 'இன்னும் ரெண்டு வை' என்று உபசாரம் செய்கிறவனுக்கு, மாப்பிள்ளையின் மூக்கில் தண்ணீர் ஏற்ற அந்த ஒரு நாள்தான் உரிமை. எவனும் விடமாட்டான்.

எங்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தோம். ராஜகுளத்தில் பட்டு நெய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பெண் என் மனைவி. அவளுடைய அண்ணனுக்கு என் தங்கை. ஆக அவர் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மச்சான், நானும் அவருக்கு அப்படியே. இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி, சீர் வரிசையெல்லாம் போன கையோடு திரும்பி வந்துவிடும். ஒரு சங்கடம், சண்டை போட முடியாது. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினால் இன்னொரு வீட்டில் தானாகச் சாத்திக்கொள்ளும்.

அந்த வருஷம் தங்கை பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். ஆண் குழந்தை. உறியடி முடிந்த மறுநாள் மச்சான் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவதாகப் பேச்சு. அவள் மூட்டைகூடக் கட்டி வைத்துவிட்டாள்.

முந்தின வருஷம் எங்கள் தெருக் குழல்கள் எல்லாம் இருமல் வந்த கிழவன் போல மக்கர் பண்ண, மச்சான் சர்ரென்று ஏறி உறியைத் தட்டிவிட்டார். இறங்கி வந்து என் முதுகில் தட்டி, "இன்னா மச்சான், தண்ணி காட்டுவேன்னு பாத்தா தீர்த்தம் தெளிக்கிறே?" என்றார். தெரு சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், அண்ணன் ஆயிற்றே. நான் கோயில் தர்மகர்த்தாவிடம் போய், வருகிற வருஷம் குழல்கள் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அழுத்து பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பம்பை நேரில் பார்த்ததில்லை என்பது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

பீச்சாங்குழல் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முற்றின மூங்கிலில் ஒரு பக்கம் கணு இருக்கும்படி அறுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கணுவில் துளை போட வேண்டும். உள்ளே போய்வர ஒரு சவுக்குக் குச்சி. குச்சியின் நுனியில் குழலை இறுக்கமாக அடைக்கிற மாதிரி ஒரு சுற்று. இழுத்தால் தண்ணீர் ஏறும், தள்ளினால் பீய்ச்சும். எல்லா வம்பும் அந்தச் சுற்றில்தான்.

முதலில் சைக்கிள் பம்பில் இருக்கிற தோல் வாஷரை வெட்டி மாட்டினேன். பிரமாதமாக அடித்தது. தர்மகர்த்தா பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார், வாஷர் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல. "சாமி உறி மேல படுற தண்ணி. தோல்ல பட்டு வரலாமா சார்?" என்றார். வழக்கம்போலப் பழைய துணியைச் சுற்றலாமே என்றேன். உடுத்திக் கழித்த துணி அதைவிட மோசம் என்றார். அங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. மடி ஆசாரம் பார்க்கிறவர்கள்கூடப் பட்டுக்குத் தீட்டில்லை என்பார்களே, பட்டு நூலையே சுற்றிவிட்டால்? தர்மகர்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் படித்தவன் ஒருத்தன் இருப்பது எவ்வளவு நல்லது என்று நாலு பேர் எதிரில் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்குப் பின்வாங்க வழியில்லை.

பட்டுக்கு மச்சானை விட்டால் யார்? ஆனால் மரம் ஏறப்போகிறவரிடமே, உன்னை இறக்கத்தான் என்று சொல்லிக் கேட்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்புக்குக் கழிவு நூல் வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

"பசங்களுக்குப் பட்டு நெய்யக் கத்துக் குடுக்கப் போறியா? அப்போ எங்க பொயப்பு போச்சு" என்று சிரித்தார். அடுத்த வாரம் அரக்குச் சிவப்பில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. கேள்வி கேட்காத மனிதனை நான் எப்போதுமே நம்பினதில்லை.

ஒரு டஜன் குழல் செய்தேன். விரிசல் விட்டவற்றுக்குச் சணல் சுற்றித் தார் பூசினேன். பட்டைச் சுற்றி, கெட்டியாக விளக்கெண்ணெய் தடவி, கொல்லையில் சோதித்தபோது தண்ணீர் ஓட்டுக் கூரையைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு அப்பளத்தில் விழுந்தது. குழல்களைப் பரணில் அடுக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டுப் போனார். மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குழலை எடுத்து அடித்தேன். நாலு அடி நன்றாக அடித்தது. பிறகு குச்சியின் பக்கமாக ஒழுகி என் முழங்கையில் வழிந்தது. அடுத்த ஞாயிறும் வந்தார். திங்கட்கிழமை இன்னொரு குழல் ஒழுகியது. அவர் வந்துபோன மறுநாள் மட்டும்தான் நான் சோதித்துப் பார்த்தேன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்றாவது வாரம், அதுவரை சோதிக்காத வேறொரு குழலின் குச்சியை உருவிப் பார்த்தேன். பட்டைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளைத் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது! வேறு சிலவற்றிலும் அப்படியே. பட்டின் விலை தெரிந்தவர், குழல் கெட்டால் லாபம் அடைகிறவர், பரண் இருக்கிற அறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்கிறவர், மூவரும் ஒருவரே. கிழிசல் ஒன்றைச் சாட்சிக்காகக் காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்தினேன். பொட்டலத்தில் மிச்சமிருந்த நூலை எடுத்து எல்லாவற்றுக்கும் மறுபடி பட்டுச் சுற்றினேன். கடைசி இரண்டு குழலுக்கு நூல் போதவில்லை. அவற்றைக் கிழிசலோடே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பழைய மனிதனாக இல்லை. மச்சான் துண்டை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டால், "துண்டுல இன்னா மச்சான்?" என்று வழியை மறிப்பேன்.

"பாவக்கா. உங்கம்மா குடுத்தாங்க."

"காட்டு பாக்கலாம்."

காட்டுவார். பாகற்காயாகத்தான் இருக்கும். ஒருநாள் ஒரு காயை எடுத்துக் கிள்ளிக்கூடப் பார்த்தேன். அவர் என்னையும் காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கசக்கும் மச்சான்" என்றார்.

துண்டை முகர்ந்ததும் இந்த நாட்களில்தான். விளக்கெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தது. குற்றம் ருசுவாகிவிட்டது என்று முடிவு செய்தேன். தலையிலிருந்து கால்வரை விளக்கெண்ணெய் தடவிக் குளிப்பாட்டுகிற கைக்குழந்தை ஒன்று வீட்டில் இருக்க, அதை அந்தத் துண்டிலேயே சுற்றிக் கொஞ்சுகிற தகப்பனிடம், எண்ணெய் வாசனையை வைத்துத் துப்புத் துலக்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உறியடி நாள் வந்தது. மரத்தடியில் அண்டா அண்டாவாகத் தண்ணீர். நல்ல குழல்களைத் தேர்ந்தவர்களுக்குக் கொடுத்தேன். கிழிசல் குழல் இரண்டையும், கணக்குக்கு ஆள் வேண்டுமே என்று வந்திருந்த இரண்டு சோம்பேறிகளிடம் தள்ளினேன். மச்சான் மற்ற மாப்பிள்ளைகளின் தோள்மேல் கால் வைத்து ஏறத் தொடங்கினார்.

முதல் வீச்சு முகத்துக்கு நேரே போயிற்று. இரண்டாவது மார்பு. மூன்றாவது முழங்கால். அதன்பின் பட்டுக் குழல்கள் எல்லாம் பீய்ச்சுகிறவன் கால்மேலேயே ஒழுகின. பாதி மரத்திலிருந்து மச்சான் கத்தினார். "இன்னா சாரு, தண்ணி பந்தல் வச்சிகீறியா? தோ வாயத் தொறந்துகினு கீறேன், கொஞ்சம் ஊத்து!"

அந்தச் சோம்பேறிகள் இருவரின் குழல்கள் மட்டும் சளைக்காமல் கண்ணுக்கும் மூக்குக்கும் அடித்துக்கொண்டிருந்தன. பருத்தி தண்ணீரில் ஊறிப் பருக்கும், பருத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். பட்டு வழுக்கும், எண்ணெய் கழுவிப்போனால் தண்ணீரை விட்டுவிடும். இது பிற்பாடு புரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், சந்தேகம் வராமலிருக்க இந்த இரண்டை மட்டும் அந்த ஆள் வேண்டுமென்றே நன்றாக விட்டுவைத்திருக்கிறான் என்பதுதான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அண்டாவின் விளிம்பில் ஏறி நின்று, காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கிழிசலைத் தூக்கிக் காட்டினேன்.

"குழலையெல்லாம் கெடுத்தது இந்த ஆள்தான்! என் வூட்டுக்குள்ள வந்து பட்டைத் திருடிட்டு, கந்தலைச் சுத்தி வச்சவன் இவன்தான்!"

மேளம் நின்றுவிட்டது. மச்சான் மரத்திலிருந்து மெதுவாக வழுக்கிக்கொண்டு கீழே வந்தார். தண்ணீரால் இறக்க முடியாதவரை வாயால் இறக்கிவிட்டேன் என்று யாரோ சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"திருடன்னியா மச்சான்?" குரல் உயரவில்லை. "சரி. உன் தங்கச்சியும் புள்ளயும் உன் வூட்டுலயே இருக்கட்டும். திருடன் வூட்டுல அவ எதுக்கு வாயணும்?"

கூட்டத்தில் குழந்தையோடு நின்றிருந்த தங்கை என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கட்டிவைத்த மூட்டை என் கண்முன் வந்தது.

அவளுக்குப் பக்கத்திலிருந்து என் மனைவி புறப்பட்டு வந்தாள். நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த கிழிசலைப் பிடுங்கி, ஒரு மூலையைத் திருப்பித் தர்மகர்த்தாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வண்ணான் போட்ட மைப்புள்ளிகள், முக்கோணமாக மூன்று.

"இது உங்க வூட்டுக் குறி ஆச்சே சார்" என்றார். "உங்க வேட்டிதானே?"

இத்தனை நாளாக நான் பத்திரமாக மடித்து வைத்திருந்த சாட்சி ஒரு காலத்தில் என் இடுப்பில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் இடுப்பில் இருந்து கிழிந்தது.

மனைவி அதோடு விடவில்லை. குழந்தையை வாங்கி, சட்டையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பில் அரக்குச் சிவப்பில், அழகாக முறுக்கிய அரைஞாண் கயிறு. அந்தக் குழந்தையை நான் தினம் தூக்கியிருக்கிறேன்.

"தோ கீது உங்க பட்டு. அத்தக்காரி நான் முறுக்கிக் கட்னேன். மூங்கில் பொந்துல அடைக்கவா பட்டு?"

"கேட்டிருக்கலாமே" என்றேன், அண்டாவிலிருந்து இறங்கியபடி.

"கேட்டா குடுப்பீங்களா? சாமி காரியம்னு ஒரு பாடம் நடத்துவீங்க. அதான் உருவிக்கினு, காலியா கீதேன்னு உங்க பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்தி வச்சேன்."

கூட்டம் சிரித்த சிரிப்பு பக்கத்து ஊர் மானாம்பதிவரை கேட்டிருக்கும். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. துண்டுகூட எடுக்காமல் ஏரிப் பக்கம் நடந்துவிட்டார். அந்த வருஷம் உறியை யாரும் அடிக்கவில்லை; தர்மகர்த்தாவே கயிற்றை அவிழ்த்து இறக்கிக்கொண்டு போனார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு, வீட்டில் இரண்டு பெண்களும் என்னோடு பேசாமல் துண்டை மட்டும் என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் மதகடியில் உட்கார்ந்து மேலெல்லாம் பிசுக்கு எண்ணெயை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். துண்டை நீட்டினேன். திரும்பாமலே, "மோந்து பாத்துட்டுக் குடு" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது! கிணற்றடியிலிருந்து கொடி நன்றாகத் தெரியும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஏதோ சொன்னேன். மன்னிப்பு மாதிரிதான் இருந்தது, இலக்கணமாக இல்லை. அவர் துவட்டிக்கொண்டு எழுந்து, "வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

மறுநாள் காலை தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் போனேன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் எதிரில் திருடன் என்று கேட்ட மனிதன் ஒரே ராத்திரியில் இப்படிச் சிரித்துப் பேசினால் எப்படி நம்புவது? உள்ளே ஏதோ வைத்துக்கொண்டிருக்கிறார் என்று வழியெல்லாம் அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடந்தேன். வைத்துக்கொண்டுதான் இருந்தார். பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளையின் இடுப்புக் கயிற்றை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"ஊருக்குப் போனதும் இதக் கயட்டிட்டு நல்ல பட்டுல ஒண்ணு கட்டணும் மச்சான். இது பட்டே இல்ல, ஆர்ட் சில்க்கு. பள்ளிக்கூடத்துக்குன்னு நீ சொன்னப்பவே உன் மொகம் சரியில்ல. அதான் எங்க வூட்டுத் தறி நூல நான் குடுக்கல."