பாறைமேல் காய்ச்சல்

தேன்கனிக்கோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் மலையூரில் செல்போனுக்கு டவர் கிடைப்பது பெரிய பாறை உச்சியில் மட்டும்தான். அதில் ஏறினால் ஆட்டுக்கே மூச்சு வாங்கும்.

போன ராகி அறுப்பில், கல்லாவியிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த என் தங்கை புருஷன் அங்கே நின்று ஓசூர் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில்.

“காய்ச்சல் சார். பாயை உட்டு எந்திரிக்கவே முடியல.”

“ஊருலதான் இருக்கியா?”

“ஆமா சார்.”

“அப்போ உன்ன அந்தப் பாறை மேல தூக்கியாந்து வெச்சது யாரு?”

மாப்பிள்ளை யாராவது பார்க்கிறார்களா என்று பாறையைச் சுற்றிலும் எட்டிப் பார்த்தான். அந்த ஆள் எங்கள் ஊரில் பெண் எடுத்தவர் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்பே சொல்லியிருந்தால் வேடிக்கை போயிருக்குமே!

“மாமனார் ஊட்டுக்கு வந்தா நானும் அங்க நின்னுதான்டா மேனேஜருக்கு லீவு சொல்றேன். நீ வேற பொய் பாத்துக்க. காய்ச்சல் என்னோடது.”