இரண்டு விரற்கடை முடி

தள்ளவில்லை, யாரும் அவளைத் தள்ளவில்லை. தக்காளி விற்கிற அராபா ஆயிரம் சொல்வாள். அவள் அன்றைக்கு இங்கேயே இல்லை, எல்மினா ஊர்ச் சந்தையில் இருந்தாள். நான் எக்குவா இருக்கிற வீட்டு முற்றத்திலேயே மீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தேன். எக்குவா மன்சா தன் காலால் நடந்துதான் வெளியே போனாள். "புருஷன் கடல்ல இருக்கறப்பவே மொட்டை போட்டுக்கிட்டா, அதான் கப்பல் வரலை, மாமியார் கழுத்தைப் பிடிச்சு வெளிய விட்டா" என்கிறார்களே, அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. கப்பல் பிறகு வந்து சேர்ந்தது. நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி நின்றிருக்கிறது. அதை நிறுத்தியதும் முடி இல்லை, இழுத்து வந்ததும் முடி இல்லை.

எக்குவா ரொட்டி விற்கிறவள். வயது முப்பத்தைந்து. புருஷன் எஜிர் பெரிய மீன்பிடிக் கப்பலில் மாதக்கணக்காகப் போய்விடுவான். அவனுடைய அம்மா எசாபாவின் வீட்டில்தான் அவளுக்கு அறை, அடுத்த அறை எனக்கு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒட்ட வெட்டிவிடுவார்களல்லவா, அதை விட்டு வந்த வாரமே அவள் சுருளை நிமிர்த்தி முடி நீட்டுகிற மருந்தைப் பூச ஆரம்பித்துவிட்டாள். தலை எரியும். "எரிஞ்சாத்தான் நீளும், பொறுத்துக்க" என்பாள் அலங்காரக்கடைக்காரி. பதினெட்டு வருஷம் பொறுத்தாள். நெற்றிப்பொட்டு இரண்டிலும் முடி போயிற்று. காதுக்குப் பின்னால் காசளவு புண் வந்து ஆறவே மாட்டேன் என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் போய் வந்தவள், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். நீட்டின முடியெல்லாம் காய்ந்த புல்லாய் விழுந்தது. அடியில் அவள் பிறந்தபோது இருந்த முடி, மிளகு மிளகாகச் சுருண்டு, ஒரு விரற்கடைதான் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் கறுப்புத் துணி கட்டிய மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி கையில் துக்க வீட்டுக்குக் கொடுக்கிற சாராயப் புட்டி. எங்கள் பக்கம் பெண் தலைமுடியை வெட்டினால் வீட்டில் சாவு என்றுதான் அர்த்தம். எக்குவாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள். எசாபா உள்ளேயிருந்து வந்து கேட்டாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும் அக்கா. எப்ப ஆச்சு?"

மூவரும் எக்குவாவின் தலையைப் பார்த்தார்கள். எசாபாவும் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை ஒருவன்தான், அவனும் தண்ணீர்மேல் இருக்கிறான். முகம் சாம்பலாகிவிட்டது. வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் புட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் எசாபா தானே போய் ஒரு டோப்பா வாங்கி வந்தாள். தோள்வரை தொங்குகிற, பளபளவென்ற முடி.

"மாட்டிக்க. என் பையன் வர்ற வரைக்கும் கழட்டாதே. துக்கத்தைத் தலையில சுமந்துக்கிட்டுத் தெருவுல போகாதே."

"துக்கம் இல்லீங்க அத்தை. தலைதான்."

"எனக்கு விளங்கும். கடலுக்கு விளங்குமா?"

எக்குவா அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். காலையில் டோப்பாவோடு ரொட்டி விற்பாள். மத்தியானம் வந்து கழற்றினால் புண் நசநசவென்று ஈரமாயிருக்கும்.

அப்போதுதான் அவள் தலைக்கு என்ன ஒத்துவரும் என்று தேட ஆரம்பித்தாள். கடையில் சுவர் முழுக்க டப்பா. மூடிக்கு மூடி ஒரு பெண் படம், அதில் ஒருத்திக்கும் இவள் முடி கிடையாது. தேங்காய் வாசனை டப்பா முடியை விறைக்க வைத்தது. பச்சை டப்பா தோளெல்லாம் வெள்ளைப் பொடியை உதிர்த்தது. நான் பனைக்கொட்டை எண்ணெய் கொடுத்தேன். அது நல்ல எண்ணெய், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவள் தலைதான் அதை ஏற்கவில்லை. எண்ணெய் மேலேயே நின்றது, உள்ளே முடி விறகாய்க் கிடந்தது.

வடக்கேயிருந்து வந்து சந்தையில் ஷியா மரக்கொட்டை வெண்ணெய் விற்கிற அசாரா என்ற பெண், ரொட்டி வாங்க வந்தவள், டோப்பாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"எண்ணெய் இல்லாமக் காயலை அக்கா. தண்ணி இல்லாமக் காயுது. மொதல்ல தண்ணி குடுங்க, அப்புறம் அது ஓடிப்போகாம வெண்ணெயால கதவு சாத்துங்க."

"வெண்ணெய் விக்கிறவ தண்ணியைச் சொல்றே. உன் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

"தண்ணி பட்டாத்தானே நாளைக்கு வெண்ணெய்க்கு வருவீங்க."

அதற்குப் பிறகு வந்த மத்தியானங்கள் எனக்குக் கனவு போலத்தான் இருக்கின்றன. அடுப்புகளிலிருந்து நீலப் புகை எழுந்து மரத்தின் இடுக்கில் தங்கும். உப்பளத்துக் காற்று வரும். எக்குவா கறுப்புச் சோப்பு நுரையைப் புண்ணில் படாமல் தடவி அலசுவாள். தண்ணீர் தெளித்தால் துளிகள் முடிமேல் அப்படியே நிற்கும், இலைமேல் பனி மாதிரி. உள்ளே போகாது. வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவாள். நேரம் எங்கே போகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. துணியை எடுக்கும்போது துளிகள் இருக்காது, தலை குடித்திருக்கும். உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெயை உருக்குவாள். கொட்டையும் புகையும் கலந்த வாசனை. விரலால் இழுத்தால் ஒவ்வொரு சுருளும் நீண்டு, விட்டதும் தூக்கத்தில் காலை மடக்குகிற குழந்தையாய்த் திரும்பச் சுருண்டுகொள்ளும். கோழிகூட அந்த நேரம் கத்தாது என்று எனக்கு நினைவு. கத்தியிருக்கலாம், நான் கேட்கவில்லை.

மாலையில் மறுபடி டோப்பா. மறுபடி புண்.

கப்பல் வரவேண்டிய நாள் தாண்டிப் பத்து நாள் ஆயிற்று. அன்று காலை எசாபா எக்குவாவின் துணிகளை மூட்டை கட்டி வாசற்படியில் வைத்தாள். மேலே டோப்பா.

"ரெண்டுல ஒண்ணை எடு. டோப்பாவை எடுத்தா உள்ள வா. மூட்டையை எடுத்தா போ."

எக்குவா சண்டை போடவில்லை. தலையை நனைத்தாள், துணி சுற்றினாள், வெண்ணெய் தடவினாள், மரச்சீப்பால் நுனியிலிருந்து மேலாக வாரினாள். அவசரமே படவில்லை. முடி இரண்டு விரற்கடை இருந்தது. பிறகு உள்ளே போய் வெள்ளைத் துணி உடுத்தி வந்தாள். வெள்ளை நாங்கள் பிள்ளை பிறந்தால் உடுத்துவது, பிழைத்து எழுந்தால் உடுத்துவது.

"அத்தை, என் தலையைப் பாத்துச் சாவுன்னு சொல்றவங்க துணியையும் பாக்கட்டும். உங்க பையன் உயிரோட இருக்கார்னு நான் நினைக்கிறேன். நீங்க?"

எசாபா வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு வரும்? படியிலேயே உட்கார்ந்தாள், கால் வழியை அடைத்துக் கிடந்தது.

எக்குவா டோப்பாவையும் எடுக்கவில்லை, மூட்டையையும் எடுக்கவில்லை. ரொட்டிக் கூடையை எடுத்து, தலையில் வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"காலை மடக்கிக்கங்க அத்தை. ரொட்டி ஆறுது."

எசாபா அந்த முடியைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள். பிறகு காலை மடக்கினாள். எக்குவா அவளைத் தாண்டி, வெறுந்தலையோடு, அராபாவின் கடை இருக்கிற தெருப்பக்கமாகவே இறங்கிப் போனாள்.