கோச்சின் ஜாக்கெட்டில் இரண்டு எழுத்து

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஷார்ஜா ரோலாவில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பக்கத்து ஜுபைல் நிலையத்தில் அல் ஐன் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்து மூன்று திர்ஹாம். தூரம் நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். பக்கத்து இருக்கையில் ஒரு பெஷாவர்க்காரர். மேட்ச் பார்க்கப் போகிறேன் என்றதும் கிரிக்கெட்டா என்று நிமிர்ந்தார். ஃபுட்பால் என்றேன். உடனே தூங்கிவிட்டார்.

நான் குமரிக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் மீன்வலையைத் தொடுமுன் பந்தைத் தொட்டுவிடுவார்கள். என் மனைவியின் தம்பி சேவியர், அல் ஐனுக்கு வெளியே ஒரு சின்ன இரண்டாம் டிவிஷன் கிளப்பில் வீரர்களின் உடுப்பைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறான். போன் பேசினாலே தன் செர்பியக் கோச் ஸ்லாவ்கோவைப் பற்றித்தான் குறை சொல்வான். அந்த மனிதரைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

வழியெல்லாம் கம்பிவேலி, அதற்கப்பால் செம்மணல், எப்போதாவது ஒட்டகம். அல் ஐன் வந்ததும் மரங்கள் தொடங்கிவிடுகின்றன. டாக்ஸி பிடித்து நாலு மணி வாக்கில் மைதானம் சேர்ந்தேன்.

உடுப்பு அறையில் சோப்புத்தூள் வாசனை. சேவியர் கோச்சின் ஜாக்கெட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சில் எஸ்.வி. என்று பெயரின் முதலெழுத்துகள், தொளதொளவென்று நூலில் தைத்திருந்தான்.

"ஏன் மக்கா, ஒழுங்கா தச்சா என்ன?"

"முன்னெல்லாம் மெஷின்ல ஒட்டுவேன் அத்தான். கோச்சு மாறிக்கிட்டே இருக்காவ. பிய்ச்சா துணி கிழியுது. இப்போ ஊசி நூலுதான்."

அந்த நேரம் எகிப்துக்காரரான ஆபீஸ் மேனேஜர் தலையை நீட்டினார். "கே.எம்., டபுள் எக்ஸெல். காலை டிரெய்னிங்குக்கு வேணும். யல்லா, சீக்கிரம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சேவியர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"இன்னைக்கு ஜெயிச்சா சீசன் முடியுற வரைக்கும் இருக்கலாம்னு கோச்சுகிட்ட சொல்லியிருக்காவ. இங்க அதுக்குள்ள அடுத்த கோச்சுக்குச் சட்ட சொல்லியாச்சு. அவரு மவ பத்தாங்கிளாஸு. ரெண்டு மாசத்துல பரீட்ச. வேல போனா விசா கலாஸ், குடும்பத்தோட கெளம்பணும்."

"சொல்லிரலாமே?"

"மேட்ச் முடியட்டும் அத்தான். இப்போ சொன்னா மனுசன் எப்படி நிப்பாரு?"

சொல்லி வைத்தாற்போல் ஸ்லாவ்கோ உள்ளே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வலது முழங்காலில் லேசான நொண்டல். டிஃபெண்டராக விளையாடிய ஊர்களைக் கேட்டேன். செர்பியா, ஹங்கேரி, சைப்ரஸ், கஜகஸ்தான், கோவாவில் ஒரு சீசன் என்று விரல் மடக்கியவர் பாதியில் விட்டுவிட்டார். முழங்கால் போனபின் கோச். பஹ்ரைன், குவைத், மஸ்கட். மஸ்கட்டில் ரூவியில் தங்கியிருந்தபோது தினமும் இட்லி சாப்பிட்டாராம். பயிற்சிக் கூம்புகளைக் கண்ட இடத்தில் போடுகிறார் என்று தினமும் அவரைத் திட்டுகிற சேவியர், அன்று அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான். கால் மணி நேரத்தில் இன்னொன்றும் கொடுத்தான்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். இரண்டாவது கோலுக்கு நான் எழுந்து கத்தினேன். கத்தி முடித்து உட்கார்ந்ததும், இத்தனை கஷ்டப்பட்டு ஜெயித்தும் பிரயோஜனம் இல்லையே என்று ஆத்திரமாக வந்தது.

ஆட்டம் முடிந்து ஸ்லாவ்கோ நேரே உடுப்பு அறைக்கு வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி மேஜையில் விரித்து, கத்தரி கேட்டார். தானே நூலை வெட்டி முதலில் எஸ்ஸை எடுத்தார், பிறகு வி.

"சார், நான் சொல்லலாம்னுதான்..." என்று சேவியர் தன் அரைகுறை இந்தியில் இழுத்தான்.

"நீதான் அப்போதே சொல்லிவிட்டாயே," என்றார் அவர், கோவாவில் கற்ற இந்தியும் இங்கிலீஷும் கலந்து. "தினமும் திட்டுகிற ஆள் இன்று இரண்டு டீ கொடுத்தாய். எத்தனை கிளப் பார்த்திருக்கிறேன். உடுப்பு அறையில் மரியாதை கூடினால் பெட்டி கட்ட வேண்டியதுதான். வருகிறவர் என்ன சைஸ்?"

"டபுள் எக்ஸெல்."

"அப்படியென்றால் இது அவருக்குப் பத்தாது." எழுத்தில்லாத ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார். எங்கள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டு நொண்டியபடி வெளியே போனார்.

திரும்பும் பஸ்ஸில் அவருடைய மகளின் நினைவாகவே இருந்தது. எங்கள் ஊர் டீமுக்குக் கோச், ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர். தோற்றால் கரையே கூடி அவரை ஏசும். அடுத்த வாரமும் அவர்தான் விசிலோடு வந்து நிற்பார்.

மறுநாள் சேவியருக்குப் போன் செய்தேன். புதுக் கோச் எப்படி என்று கேட்டேன்.

"அவரும் கூம்ப அங்கங்க போட்டுட்டுப் போறாரு அத்தான். நல்லா ஏசி விட்டேன்."

"டீ கொடுத்தியா?"

"டீயா? அவரு கொஞ்ச நாளு இருக்கட்டும்."