குழம்புமீன் எடுத்து வைக்காதே

ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதற்கு யாராவது ஆறு புடவை எடுத்துப் போவார்களா? நான் போனேன். புடவைகளுக்கு நடுவில் அருவாமனையையும் சுற்றி வைத்திருந்தேன். மீன் அறுக்கிற பொம்பளை வீடு மாறினால் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். ஆனால் வீடு மாறுகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பட்டணத்தில் இருக்கும் மகள் போன் செய்து, "ஞாயித்துக்கெழம பீச்சாண்ட மீன் கடைங்களுக்குப் போலாம், நல்லா சாப்ட்டு சுத்தலாம், வாம்மா" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் போனதிலிருந்து பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டில் நான் ஒருத்திதான். பகலில் கருவாடு காயப்போடுகிற வேலை இருக்கிறது. காக்காய் விரட்டவாவது வாயைத் திறக்கலாம். சாயங்காலம் ஆனால் பேச ஆள் கிடையாது. டிவியைப் போட்டு அதில் வருகிற மாமியார்களைத் திட்டிக்கொண்டிருப்பேன். 'இங்கேயே இருந்துடும்மா' என்று மகள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்றுதான் கிளம்பினேன். நானாகக் கேட்கமாட்டேன். பெற்ற பெண்ணிடம் போய் இடம் கேட்பதா?

கிளம்பும்போது இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போக ஆம்பளை இல்லாத வீட்டிலும் அடுப்பில் மீன் வேகும். படகு கரை ஏறியதும், ஏலத்துக்குக் கூடை போவதற்கு முன்னாலேயே, குழம்புமீன் என்று ஒரு கை அள்ளி அந்த வீட்டுப் பொம்பளையின் முந்தானையில் போடுவார்கள். வாய்விட்டுக் கேட்கவும் கூடாது, நன்றி சொல்லவும் கூடாது. ஏந்தி நின்றால் போதும், இன்னார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் போடுவது என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. சனிக்கிழமை காலை பங்கை வாங்கிக்கொண்டு அவனிடம், "நாளையிலேர்ந்து எனக்குக் குழம்புமீன் எடுத்து வெக்காத. நான் வர நாளாவும்" என்றேன். வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "சரி அண்ணி" என்றான்.

பட்டணத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மகள் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கல்லு எதுனா வெச்சிருக்கியா?" என்றாள். அருவாமனையைக் கண்டதும் சிரித்துவிட்டாள். "எதுக்கும்மா இது?"

"உன் வூட்டுக் கத்தி வெண்ணையக்கூட அறுக்காது" என்றேன்.

கொண்டுபோன மடவை மீனை அதில் அறுத்துக் குழம்பு வைத்தேன். மருமகன் மறுபடி மறுபடி சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒரே அறைதான் வீடு. சாப்பிட்டதும் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அடுப்படியில் காலை மடக்கிப் படுத்தால் எனக்குத் தாராளமாக இடம் போதும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் மருமகன் டூட்டிக்குப் போக, நாங்கள் இருவரும் பட்டினப்பாக்கம் கரைக்குப் போனோம். மீன்காரியை மீன் பார்க்க அழைத்துப்போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் வேடிக்கையாக இருந்தது. ஒரு பக்கம் பலகை மேல் மீன் குவியல், இன்னொரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் வறுவல். காரில் வந்தவர்கள் வவ்வால் மீனை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தார்கள். செத்த வவ்வாலுக்கு அத்தனை போட்டோ. என் வீட்டுக்காரருக்கு மொத்தமே இரண்டுதான் இருக்கிறது.

மகள் வறுவல் வாங்க வரிசையில் நின்றாள். அந்த நேரம் ஒரு பைபர் போட் அலையோடு வந்து கரையில் ஏறி நின்றது. ஈர வலையின் வாசனை வந்தது. வலையை உதறினார்கள், கானாங்கெளுத்தி மணலில் விழுந்தது. என் கால் தானாகப் போய் நின்றது, கை தானாக முந்தானையை விரித்தது. எந்த ஊர்க் கரை என்பதே மறந்துபோனது.

படகுக்காரன், என் மருமகன் வயசுதான் இருக்கும், "ஏலம் அந்தாண்டம்மா" என்றான். பிறகு விரித்த முந்தானையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் குப்பத்துப் பிள்ளைதானே.

"யாரு வூட்டும்மா நீ?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாதவள் ஒருத்தி வந்து ஏந்தி நின்றால் எங்கள் கரையிலும் இப்படித்தான் கேட்போம். 'என் பொண்ணு வூடு இங்கதான்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் தட்டுகளோடு ஓடி வந்தாள்.

"எங்கம்மாண்ணே. பழவேற்காடு. சும்மா பாக்க வந்திருக்காங்க, சாயங்காலம் கெளம்பிடுவாங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டு வலைக்குத் திரும்பினான். மகள் என் முந்தானையைப் பிடித்து இறக்கிவிட்டாள். நான் மகளிடம் வாய்விட்டுக் கேட்காததற்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவன் வேறொருத்தன், அவ்வளவுதான்.

வஞ்சிரம் வறுவல் நன்றாகத்தான் இருந்திருக்கும். "நைனா இருந்தா ரெண்டு பிளேட் சாப்ட்டிருப்பாரு" என்றாள். "முள்ளு பாத்து சாப்டும்மா" என்றாள். முள் பார்த்துச் சாப்பிட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வாய்கூட இறங்கவில்லை, அழுகைதான் வந்தது. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அவளும் நம்பி, தண்ணீர் பாட்டில் வாங்க ஓடினாள். அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு அந்த ஒரே அறையையும், பாயோடு மாடி ஏறிய மருமகனையும் நினைத்தேன். கோபம் போய்விட்டது. ஆசைதான் போகவில்லை.

பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "அடுத்த தபா ரெண்டு நாள் சேந்தா மாதிரி வாம்மா" என்றாள். பொன்னேரியில் பஸ் மாறினேன். பை மடியில் இருந்தது. வழியெல்லாம் அருவாமனை தொடையில் குத்திக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை காலை கரைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எத்தனை நாள் போகாமல் இருப்பது? போனேன். முந்தானையை ஏந்தாமல், மற்றப் பொம்பளைகளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொழுந்தன் பார்த்துவிட்டான்.

"வந்துட்டியா அண்ணி?"

"இருக்கத்தான் சொன்னா. கையப் புடிச்சிக்கினு அழுதா. எனக்குத்தான் அந்த ஊர் தண்ணி ஒத்துக்கல." அவன் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன்.

"சரி அண்ணி" என்றான். ஒரு கை அள்ளிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான். முந்தானையை விரித்தேன், போட்டான். பிறகு படகில் இருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தான்.

"இது நேத்து பங்கு. கெடாது, ஐஸ்லதான் இருந்துச்சி."

"எடுத்து வெக்காதன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்ன" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் கவரை முந்தானையில் வைத்துவிட்டு வலையை மடிக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து அருவாமனையை எடுத்தேன். இரண்டு நாள் மீனையும் உட்கார்ந்து அறுத்தேன். ஒருத்திக்கு அது ரொம்ப அதிகம்.