உப்புக்காக இல்லை

அவளுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்பக்கமாக வளைந்து நிற்கும், நீட்ட வராது. இஸ்திரி உருளையில் மாட்டிக்கொண்டது என்று சலவைக்கூடத்தில் எல்லாரும் நம்பினார்கள். பாவம் அந்த உருளை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க விழுங்கி, சுருக்கம் எடுத்து, மறுபக்கம் துப்புவதைத் தவிர அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. விரலை ஒடித்தவன் அவளுடைய புருஷன். சமையலறைக் கதவிடுக்கில் கையை வைத்து, கதவை இழுத்துச் சாத்தினான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

ஏன் வாயைத் திறக்கவில்லை, போலீசுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, சுலபமாகக் கேட்டுவிடலாம். அவளிடம் விசா இல்லை, ஐயா. போலீஸ்காரர் முதலில் கேட்பது விரலை அல்ல, பாஸ்போர்ட்டை.

அவள் இந்த ஊருக்கு வந்தது ஆறு மாத விசாவில், ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. முதல் புருஷன் மோட்டார் சைக்கிளில் லாரிக்கு அடியில் போனபின், மூன்று வயது மகளை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். விசாவைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று அந்த வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியதோடு சரி. தேதி முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் சங்கதியே அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அங்கிருந்து கிளம்பிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே யாரும் காகிதம் கேட்கவில்லை, ஆகவே சம்பளமும் பாதிதான். எல்லாரும் அவளை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

விசா முடிந்தும் தங்கியவள் இந்த நாட்டை விட்டுப் போனால் பத்து வருஷத்துக்குத் திரும்ப முடியாது. போய் என்ன செய்வாள், அங்கே அவள் அனுப்புவதில்தான் அடுப்பு எரிகிறது. போகாவிட்டால் மகள் முகத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும். போனில் வந்த மகளுக்குப் பல் விழுந்தது, பல் முளைத்தது, எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. இவளுக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

அப்போதுதான் டயர்க்காரன் வந்து சேர்ந்தான். டயர் மாற்றும் கடையில் வேலை. கடைப் பையன்களின் அழுக்குச் சீருடையை மூட்டை கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமைதோறும் சலவைக்கூடத்துக்கு வருவான். இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவன். வாயைத் திறந்தால் சிரிப்பு. அவளை நாலு பேர் நடுவில் மரியாதையாக நடத்தினான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆசை பாதி, காகிதம் பாதி. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? காகிதம் வந்தால் நிரந்தரமாகத் தங்கலாம், மகளை அழைத்துக்கொள்ளலாம். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தக் காகிதத்துக்கு மனுப் போட வேண்டியவன் புருஷன். கையெழுத்து அவனுடையது, குடியேற்ற அலுவலகத்தின் நேர்காணலுக்கு வர வேண்டியவன் அவன், மனுவைத் திரும்பப் பெறுகிற உரிமையும் அவனுடையது. இதை மனு எழுதித் தருகிறவர் வரிவரியாக விளக்கிய அன்று டயர்க்காரன் ரொம்ப அமைதியாக வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவப் போனவளைக் கூப்பிட்டு, காரணமே இல்லாமல் கன்னத்தில் ஒன்று வைத்தான். அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை.

“ஒரு போன் போட்டா போதும்டி. நாளைக்கே உன்னை மூட்டை கட்டி ஏத்திடுவாங்க,” என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை அடுக்கினால் முடியாது. பெல்ட்டால் அடித்தான். தலைமுடியைப் பிடித்துக் குழாயடியில் முகத்தை அழுத்தினான். குளியலறைக் கதவை உதைத்து உடைத்தான், அவள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாளாம். அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்டால் யாராவது போலீசைக் கூப்பிடுவார்கள், போலீஸ் வந்தால் மாட்டிக்கொள்வது இவள்தானே. அதனால் அவன் முகம் மாறியதுமே இவளே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவாள். அடி வாங்கப் போகிறவள் ஜன்னலைச் சாத்தும் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? விரல் ஒடிந்த அன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை கேட்பார்கள் என்று, இரண்டு மரக்குச்சியை வைத்துக் கிழிந்த படுக்கை விரிப்பால் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்விகள் என்று மனு எழுதுகிறவர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். டயர்க்காரன் அதை ஒரு நோட்டில் எழுதி, பதிலும் எழுதி, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பாடம் நடத்துவான். அவனுக்கும் மனு நிறைவேற வேண்டும். சமைக்க, துவைக்க, அடிக்க ஓர் ஆள் வேண்டாமா? கட்டிலில் யார் எந்தப் பக்கம், மாமியார் செத்தது எந்த வருஷம், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு.

“ரெண்டு ஸ்பூன்,” என்பாள்.

“ஒண்ணரை,” என்று சொல்லிக்கொண்டே ஓர் அறை விழும்.

தப்பான தகவலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. அது ஒரு வியாதி மாதிரி. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைத் திருத்துவான், கடைக்கு வருகிறவரின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவரிடமே சண்டை பிடிப்பான். ஒருநாள் அவள் அழுதுகொண்டே, நாலு அடி அடித்தாயே என்று கேட்டதற்கு, “நாலு இல்ல, மூணு,” என்று திருத்தினான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. அவளே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் டயர்க்காரன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். இருவரையும் தனித்தனி அறையில் வைத்தார்கள். ஓய்வு பெறும் வயதில் ஒரு பெண் அதிகாரி, ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலில் அவனிடம் கேட்டுவிட்டு, பிறகு இவளிடம் வந்தார். கட்டில், காப்பி, மாமியார், எல்லாவற்றுக்கும் இவள் கடகடவென்று ஒப்பித்தாள். அதிகாரி எழுதிக்கொண்டே போனார்.

“கடைசியா ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்க?”

நோட்டில் இருந்த பதிலைச் சொன்னாள். எங்களுக்குள் இதுவரை சண்டையே வந்ததில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “உங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு, ஒரு வார்த்தை மாறாம. எனக்குக் கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷம் ஆச்சும்மா. சண்டையே போடாத புருஷன் பெண்டாட்டிய நான் இன்னும் பாக்கல. நீங்க ரெண்டு பேரும் ஒரே நோட்டைப் படிச்சவங்க, அவ்வளவுதான். ஒரே வீட்ல இருக்கறவங்க இல்ல.”

பொய்க் கல்யாணம் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது, நேராக விமான நிலையம்தான். மகளை அழைத்து வரும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டதெல்லாம் வீண். என்ன அநியாயம் பாருங்கள், எதை உயிரைக் கொடுத்து மறைத்தாளோ அது ஒன்றுதான் இந்தக் கல்யாணம் நிஜம் என்பதற்குச் சாட்சி.

சொன்னாள். பெல்ட், குழாயடி, குளியலறைக் கதவு, விரல், ஒன்றையும் விடவில்லை. இடது கையை மேசைமேல் வைத்துக் காட்டினாள். அதிகாரி கேட்டுக்கொண்டார், முகம் மாறவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்றார். இல்லை. போலீசில் புகார்? இல்லை. அக்கம்பக்கத்தில் யாராவது சத்தம் கேட்டார்களா? அதுவும் இல்லை.

“மனு தோத்துப் போகுதுன்னு தெரிஞ்சதும் இதைச் சொல்றீங்க,” என்றார் அதிகாரி. “எத வெச்சு நான் நம்பறது?”

அதில் தப்புச் சொல்ல முடியாது, அவர் வேலை அது. புருஷனை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

“அவரை உள்ள கூப்பிடுங்க மேடம்,” என்றாள். “சாப்பாட்டுல உப்புக் கம்மின்னு விரலை ஒடிச்சதா நான் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்லுங்க.”

“உப்புக்கா ஒடிச்சாரு?”

“அப்படியே சொல்லுங்க மேடம்.”

டயர்க்காரன் வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அதிகாரி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். பயத்தில் உளறுகிறாள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். சரி, எழுதிக்கொள்கிறேன் என்றார் அதிகாரி: உப்புக் குறைந்ததற்காகப் பெண்டாட்டி விரலை ஒடித்தார், கணவர் மறுக்கிறார். அவன் காது மடல் சிவந்தது. நாற்காலியில் நெளிந்தான்.

“மழை பெஞ்ச ஞாயித்துக்கிழமை, மேடம்,” என்றாள் இவள், தரையைப் பார்த்தபடி.

“ஞாயிறு இல்ல, வியாழன்,” என்றான்.

பாவி, அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

“உப்புக்காக இல்ல மேடம். உப்புப் புளிக்கெல்லாம் கை நீட்டறவன் இல்ல நான். அன்னிக்கு இவ எனக்குத் தெரியாம மகளோட போன்ல பேசிட்டு இருந்தா. கேட்டா, போனை ஒளிச்சா. அதுக்குத்தான்.” நியாயத்தை எடுத்துச் சொல்லிவிட்ட மனிதனாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதிகாரி பேனாவை எடுத்தார். எந்தக் கதவு என்று கேட்டார். சமையலறைக் கதவு என்றான். எத்தனை தடவை? இரண்டு. இவள் சொல்லச் சொல்லத் தான் எழுதி வைத்திருந்த தாளை அதிகாரி ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் பொருந்தியது.

அப்போதுதான் அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, மேசைமேல் இருந்த, காகிதத்தில் துளை போடுகிற இரும்புக் கருவியை எடுத்து அவள் வாயிலேயே அடித்தான். நாற்காலியோடு சாய்ந்தாள். விழுந்தவளை விடவில்லை, மார்பில் முழங்காலை ஊன்றி மறுபடி அடித்தான், மறுபடியும் அடித்தான். அதிகாரி கத்திய கத்தலில் காவலர்கள் ஓடி வந்தார்கள். மூன்று பேர் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுக்க முடிந்தது. அவளுடைய முன்பற்கள் இரண்டு கம்பளத்தில் கிடந்தன. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். அதிகாரி தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “எழுதிட்டேம்மா. எழுதிட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

புருஷன் கையெழுத்து தேவைப்படாத வேறொரு மனு உண்டு, அடிபட்ட பெண்களுக்காக. அது இருப்பது அவளுக்கும் தெரியாது, மனு எழுதுகிறவரும் சொல்லவில்லை. அந்த மனுவைப் போட்டு, பெண்கள் விடுதியில் ஏழு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, நடந்ததையெல்லாம் வக்கீலிடமும் டாக்டரிடமும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, பத்தொன்பது மாதத்தில் காகிதம் வாங்கினாள். டயர்க்காரன் சிறைக்குப் போனான். மகளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது, வந்து சேர்ந்தாள். அம்மாவைவிடக் கொஞ்சம்தான் குட்டை. முதல் நாலு நாள் வெட்கப்பட்டாள், அப்புறம் வாய் ஓயவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலை. வேலைக்கு நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு உதவுகிறேன் என்று மகள் அவளுடைய சீருடையை இஸ்திரி போட்டு, பேச்சு சுவாரஸ்யத்தில் பெட்டியை அப்படியே வைத்துவிட்டாள். முதுகில் கருகி ஓட்டை. இருந்ததே அந்த ஒரு சீருடைதான். இவள் இரண்டே எட்டில் மகளிடம் போனாள். வலது கை தலைக்கு மேலே ஓங்கி நின்றது. அவள் ஓங்கவில்லை, அதுவாகப் போய் நின்றது.

மகள் ஒதுங்கவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை. பெரியம்மா வீட்டில் அந்தப் பிள்ளையை ஒருவரும் ஒருநாளும் தொட்டு அடித்ததில்லை. ஓங்கிய கையை அண்ணாந்து பார்த்தாள், அதற்கு மேலே இருந்த பரணைப் பார்த்தாள்.

“மேல ஏதாச்சும் எடுக்கணுமாம்மா?” என்று கேட்டாள். “நாற்காலி கொண்டு வரட்டா?”

இஸ்திரியும் அந்தக் கையை அண்ணாந்து பார்த்தாள். டயர்க்காரனுக்குக்கூட அவள் அவ்வளவு பயந்ததில்லை, தன் கைக்கு அப்படிப் பயந்தாள். ஆமாம் என்றாள். மகள் கொண்டு வந்த நாற்காலியில் ஏறி, பரணில் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள், ஏதோ ஒரு காலி டப்பா. மகள் அதை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று சிரித்தாள்.