கடல் வீட்டுச் சீர்

மகாலட்சுமி எங்கள் குப்பத்துப் பெண் என்பதில் எனக்குச் சின்ன வயதில் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. சந்தேகம் இல்லாததால்தான் கவலை வந்தது. கட்டிக்கொடுத்த பெண் ஒரு தடவைகூடத் தாய்வீட்டுக்கு வரவில்லையே என்ற கவலை.

பாகூர்ப் பக்கம் கடலோரத்தில் எங்கள் குப்பம். மேற்கே ஒரு மணி நேரம் நடந்தால் பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர் ஒன்று வரும். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். அங்கே ஒரு பெருமாள் கோயில். மாசி மகத்தன்று அந்தப் பெருமாள் பல்லக்கில் ஏறி எங்கள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். தூரத்தில் குடை தெரிந்ததுமே எங்கள் ஆட்கள், "மாப்புள வந்துட்டாருடா" என்று குரல் கொடுப்பார்கள். லட்சுமி கடலில் பிறந்தவள், கடல் எங்களுடையது, ஆகவே அவளைக் கட்டியவர் எங்களுக்கு மாப்பிள்ளை. உறவுமுறை அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் மாப்பிள்ளை மட்டும்தான் வருவார். தாயார் வாசற்படி தாண்டுவதில்லை என்பது அந்தக் கோயில் வழக்கம். அதனால் புடவை, மஞ்சள், குங்குமம், பூ, பழம் எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பிறந்த வீட்டுச் சீராக மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புவோம்.

பாற்கடலைக் கடைந்த கதையை அப்பா வலையைப் பழுது பார்த்துக்கொண்டே சொல்வார். மலைதான் மத்து, பாம்புதான் கயிறு. இந்தப் பக்கம் தேவர்கள், அந்தப் பக்கம் அசுரர்கள். இழுத்த இழுப்பில் முதலில் விஷம் வந்தது. "வராம இன்னா பண்ணும்? கலக்குனா மொதல்ல வண்டல்தான் வரும். தேவருங்களுக்கு அதுகூடத் தெரில" என்பார். பிறகு யானை, குதிரை, மரம் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் தாமரையின் மேல் அவள் வந்தாள், கையில் மாலையோடு. வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒருவனுக்குப் பலம் இருந்தது, கூடவே கோபமும் இருந்தது. இன்னொருவனுக்கு அறிவு இருந்தது, கூடவே பேராசையும். அவளைப் பார்த்து வாயைப் பிளக்காமல் தன் பாட்டுக்கு இருந்தவர் ஒருவர்தான். அவர் கழுத்தில் மாலை விழுந்தது.

மேற்கே இருப்பவர்கள் லட்சுமி நெற்குதிருக்குள் குடியிருப்பதாக நினைக்கிறார்கள், அது தப்பு என்பதும் அப்பாவின் கட்சி. அலையில் பிறந்தவள் வருவாள், போவாள். அதனால்தான் மீன் நிறையப் பட்ட நாளில், கடலுக்குப் போக ஆளில்லாத வீடுகளுக்கு முதல் கூடை போகும். "அவளப் பூட்டி வெக்க முடியாது. வந்தப்பவே நாலு பேருக்குக் காட்டிடணும்" என்பார்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போனபின் வந்த முதல் மாசி மகம் அது. சீர் கொடுக்கும் முறை குப்பத்தில் ஆண்டுக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். அந்த வருஷம் எங்கள் வீடு. தட்டை எடுத்துப் போகவேண்டியவள் அந்த வீட்டில் வயதுக்கு வராத பெண்பிள்ளை. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, வாய் நீளம். எனக்கு ஒன்பது. மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், அம்மா மீன் விற்கப் போகும்போது சின்னக் கூடையோடு கூடவே நடப்பவள். எதற்கெடுத்தாலும் பயம். அக்காதான் தட்டெடுப்பாள் என்று எல்லாரும் இருக்க, அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அலை காலை வாரிவிட்டால்? பழம் உருண்டு போனால்? சாமிக்கு நேரே தும்மல் வந்தால்? இவற்றில் எதைப் பற்றியும் அம்மாவுக்குக் கவலை இல்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "தட்டு மண்ணுல படக்கூடாதுடி. யாரு சொன்னாலும் கீழ வெக்காத. ஐயரு கையில வாங்கறவரைக்கும் ஒங்கையிலதான் இருக்கணும்." மகத்தன்று காலையில் மட்டும் மூன்று தடவை சொல்லியிருப்பாள்.

பல்லக்கு வந்தது. கெட்டித் தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஊர்க்காரர்கள் அதைத் தாங்குகட்டைகளில் நிறுத்துவார்கள். அங்கிருந்து கடல்வரை தூக்குவது எங்கள் ஆட்கள். மணலில் நடக்கத் தெரிந்த தோள் வேண்டும். தோள் மாறுவதற்கு முன் பட்டர் பல்லக்கு அருகே நின்று சீரைக் கையில் வாங்குவார். அதுதான் நடைமுறை.

அந்த வருஷம் கோயில் பொறுப்புக்குப் புதிதாக ஒரு பண்ணைக்காரர் வந்திருந்தார். மடிப்புக் கலையாத கதர்ச் சட்டை. பட்டர் எங்கள் பக்கம் திரும்புவதற்குள் அவர் முன்னால் வந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, தட்ட அப்டியே மணல்ல வெய்யி. தண்ணி தெளிச்சி எடுத்துக்குவாங்க."

மேளம் நின்றுவிட்டது. நான் வைக்கவில்லை.

"காது கேக்கல? கீழ வெய்யி."

எனக்கு நன்றாகவே கேட்டது. அவரைப் பார்க்கவும் பயம், திரும்பி அம்மாவைப் பார்க்கவும் பயம். இரண்டில் அம்மா பயம்தான் பெரியது. தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னாப்பா, பொண்ணு ஊமையா?" என்று அவர் எங்கள் ஆட்களைக் கேட்டார்.

"ஊமையில்லீங்க. மாப்புள வூட்டுக்காரங்களுக்கு மரியாத தெரியுமான்னு பாத்துனு நிக்கிறா" என்றார் என் மாமா. யாரோ சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, பல்லக்குக் கொம்பில் கைவைக்க ஒருவரும் முன்வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தீர்த்தவாரிக்குக் குறித்த நேரம் கழிந்துகொண்டிருந்தது, என் கை இற்று விழுந்துவிடும்போல் இருந்தது.

அப்போதுதான் அம்மா பேசினாள். சண்டைக் குரலில் இல்லை. மீன் விலை சொல்லும்போது ஒரு நிதானம் வருமே, அந்தக் குரலில்.

"பெருமாள் நெஞ்சுல ஒரு முனிவரு ஒதச்சாராம். பெருமாளு பொறுத்துக்கினு அவரு காலப் புடிச்சி வுட்டாராம். எங்க பொண்ணு பொறுக்கல. நான் குடியிருக்கற எடத்துல கால் பட்டுட்டுதேன்னு புருசனையே வுட்டுட்டு எறங்கிப் போயிட்டா. இப்ப தாய்வூட்டுப் பொடவைய மண்ணுல போட்டாங்கன்னு அவ காதுல வுழுந்தா, ஒங்க ஊருல இருப்பாளா மாட்டாளா, நீங்களே யோசிச்சிக்குங்க."

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிக் கரும்பு இன்னும் வெட்டாமல் நின்ற சமயம். லட்சுமி இறங்கிப் போகும் பேச்சை அந்த நேரத்தில் கேட்க எந்தச் சம்சாரிக்குத்தான் மனம் வரும்? பின்னாலிருந்து ஒரு கிழவர், "வாங்குங்க சாமி, நேரமாவுது" என்றார்.

பட்டர் வெறுங்காலோடு சுடுமணலில் இறங்கி என் எதிரே வந்து நின்றார். "பொண்ணாத்துச் சீரை மண்ணுல வைக்கறது எந்த ஊர் வழக்கம்?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பண்ணைக்காரர் குடைக்காரனிடம் ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். போவதற்குமுன் பட்டர் அம்மாவிடம், "வெள்ளிக்கிழமை தாயாருக்கு இதைத்தான் சாத்தப்போறேன். வந்து பாருங்கோம்மா" என்றார். அதன்பின் எங்கள் ஆட்கள் தூக்கிய வேகத்தில் மாப்பிள்ளை கடலுக்குள் முழங்கால் தண்ணீர்வரை போய்விட்டார்.

அன்று குப்பம் முழுக்க என் பேச்சுதான். மீசை வைத்தவர்களெல்லாம் பின்னால் நிற்க, இந்தப் பொடிசு அசையவில்லை என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். நடுங்கியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்கா தட்டெடுத்திருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள், கைகலப்பாகியிருக்கும். பயந்த பிள்ளை சொன்னதை மட்டும் செய்யும். தெருத்தெருவாக மீன் விற்கிற அம்மாவின் காதில் பண்ணைக்காரர் பேச்சு ஏதோ முன்கூட்டியே விழுந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா கூடை எடுக்கவில்லை. மஞ்சள் தேய்த்துக் குளித்து, எனக்கும் தலை கழுவிவிட்டு, அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். எங்களில் யாரும் அதற்குள் போனதில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை. உள்ளே காலெடுத்து வைக்கும்போது என் முடியை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டேன், மீன் வாடை இருக்கிறதா என்று.

பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். கறுத்த கல்லில், என்னைவிடச் சின்னவளாக, இரண்டு கையிலும் தாமரையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பச்சைப் புடவை. சிவப்புக் கரை. உடம்புக்குச் சரியாக இருந்தது. நோய் நொடி இல்லை, முகத்தில் வாட்டம் இல்லை. எனக்குப் பெரிய நிம்மதி. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பெண் நன்றாகத்தானே இருக்கிறாள், இவள் ஏன் அழுகிறாள் என்று புரியவில்லை. கேட்கவும் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மீன் எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனோம். கோயிலைத் தாண்டினால் பெரிய வீடுகள் இருக்கிற தெரு. பண்ணைக்காரர் வீடும் அங்கேதான். அந்தத் தெருவில் அம்மா எப்போதும் குரலை இறக்கிக்கொள்வாள். வேண்டியவர்கள் பின்வாசலில் வந்து கூப்பிட்டால் போவோம். அன்று தெரு முனை திரும்பியதும் அவள் தலைக்கூடையை ஒரு கையால் பிடித்து, நடுத்தெருவில் நிமிர்ந்து நின்று, "வவ்வாலு, சங்கரா, கானாங்கத்த" என்று எங்கள் குப்பத்துக்கே கேட்கிற மாதிரி கூவினாள். கதவுகள் திறந்தன. வெயில் தலைக்கேறிவிட்டதோ, யார் வந்து திட்டப்போகிறார்களோ என்று பயந்துகொண்டே நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் இன்னொரு தடவை கூவினாள்.