கோல்கீப்பருக்கு மாற்றாக வந்தவர்

எங்கள் வீட்டின் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலிக்கு மூன்றரைக் கால் என்றுதான் சொல்லவேண்டும். நான்காவது கால் நடுவில் விரிசல் விட்டு, தக்காளிச் செடிக்குக் குச்சி நிறுத்தக் கட்டும் கம்பியால் இறுகச் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்றியவர் என் மாமனார். தவக்காலம் தொடங்கிவிட்டால் அதைச் சைக்கிள் கேரியரில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் கோயில் மைதானத்துக்குப் போய்விடுவார். ஆட்டம் நடக்கும் நாளில் ஊரே திரண்டு வரும். பயிற்சிக்குப் பார்வையாளராக அவர் ஒருவர்தான் போவார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த முதல் வருடம், ஒரு பெரிய மனிதர் காலையில் நாற்காலியோடு கிளம்புவதைப் பார்த்து, வழக்கு ஏதாவது பேசப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இளவட்டங்கள் கூம்பு வைத்து அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவதை உட்கார்ந்து பார்ப்பதற்கு என்று.

மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகவேண்டிய ஊர் எங்களுடையது. நான் பிறந்த ஊர் காரிமங்கலம் பக்கம். இரண்டிலும் கோயிலும் மைதானமும் உண்டு. இந்த இரண்டு ஊரும், சுற்றியுள்ள இன்னும் சில ஊர்களும் சேர்ந்து ஈஸ்டர் முடிந்ததும் எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துவார்கள். ஒரே ஊர் வருடா வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சில விதிகள் வைத்தார். அந்த வருடம் புதிதாக ஆட வருகிற பையன்களை ஊர்கள் முறை வைத்து எடுக்கவேண்டும். போன வருடம் கடைசியாக வந்த ஊருக்கு முதல் முறை. அதன்பின் குருத்தோலை ஞாயிறு வரைக்கும் ஊருக்கு ஊர் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். இதற்கு 'மாத்து' என்று பெயர். பேச்சு முடிந்து வெற்றிலை பாக்குத் தட்டு கைமாறிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. மாறி வருகிறவனுக்கு யார் சோறு போடுவது என்பதற்கும் விதி உண்டு. இவனுக்குப் பதிலாக யார் வீட்டுப் பிள்ளை போயிருக்கிறானோ, அந்த வீட்டில்தான் இவன் சாப்பிடவேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பங்கள் வைத்த விதி, வேறெப்படி இருக்கும்?

என் மாமனார் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் பயிற்சியாளரும் இல்லை, கமிட்டியிலும் இல்லை. வெறும் ரசிகர். ஆனால் யாரை எடுப்பது, யாரைக் கொடுப்பது என்று கமிட்டிக்காரர்கள் அவர் தக்காளித் தோட்டத்துக்கே வந்து கேட்பார்கள். அவர் செடிக்குக் கம்பி கட்டிக்கொண்டே பதில் சொல்வார். "ஆட்டத்தை யாரு வேணும்னாலும் பாப்பான். ஒருத்தன் தேர்றதைப் பாக்கத்தான் கண்ணு வேணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஒரு பையன் தவக்காலத் தொடக்கத்தில் எப்படி ஓடினான், நான்காவது வாரத்தில் எப்படி ஓடுகிறான், பந்து வருவதற்கு முன்பே திரும்ப ஆரம்பித்துவிட்டானா, இதெல்லாம் அவர் மனதுக்குள் கிடக்கும். அவசரப்படுகிறவர்களிடம், "நாத்து நட்டன்னிக்கே காயத் தேடாதீங்க" என்பார். அவருக்கும் சறுக்கியிருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து வேலைக்கு வந்து பக்கத்து ஊருக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனை, மலையில் ஓடுகிறவன் தரையில் பறப்பான் என்று நம்பி, அடுத்த வருடம் புதுப் பையனை எடுக்கும் முறையையே விட்டுக்கொடுத்து வாங்கச் செய்தார். அந்தப் பையன் நேராக ஓடுவான், திரும்பமாட்டான். போட்டி நடக்கும்போதே விதைப்பு என்று மலையேறிப் போனவன் வரவேயில்லை. அதைச் சொல்லி ஊர் அவரை வெகுநாள் கிண்டல் செய்தது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய இன்னொரு மாத்தைப் பற்றி மட்டும் யாரும் சிரித்ததில்லை. அந்த வருடம் இந்த ஊருக்குக் கோல்கீப்பர் இல்லை. நான் பிறந்த எங்கள் ஊரில் என் அண்ணன் கீப்பர். நெட்டையாக, பார்ப்பதற்குச் சோம்பேறிபோல் இருப்பான். என் மாமனார் எங்கள் ஊர்ப் பயிற்சிக்கும் பஸ் ஏறி வந்து ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். இவன் ஈஸ்டருக்குள் தேறிவிடுவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் பதிலுக்குக் கேட்டது இந்த ஊரின் முன்கள ஆட்டக்காரரை. அவர் என் மாமனாருக்கு ஒரே மகன். இன்றைக்கு என் வீட்டுக்காரர். ஓலை மந்திரித்து, பூசை முடிந்து எல்லோரும் குருத்தோலையும் கையுமாக நிற்கும்போது, கோயில் வாசலில் என் மாமனார் தானே முன்னால் வந்து சொன்னாராம்: "மவன்னு பாத்தா கணக்கு தப்பிப் போயிடும். கீப்பர் வேணும். குடுத்துடுங்க." தட்டையும் அவரே வாங்கினார். அவர் மகன் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்பது, தட்டு கைமாறியபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒரு பையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விதிப்படி என் அண்ணனின் தட்டில் அவருக்குச் சோறு. தலை நிமிராமல் சாப்பிடுவார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று என் அம்மா கேட்டால், போதுங்க என்பார். பெரிய ஆட்டக்காரன் என்றார்களே, இவர் என்ன கோழிக்குஞ்சு மாதிரி சாப்பிடுகிறார் என்று நான் உள்ளே நின்று சிரித்திருக்கிறேன். கோபத்தில் இருக்கிறவனுக்குச் சோறு இறங்காது என்று எனக்கு அப்போது தெரியாது. தட்டைத் தானே கழுவி வைப்பார். என் அம்மா அதிலேயே விழுந்துவிட்டாள்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவை இந்த இரண்டு ஊர்களும்தான். சமநிலையில் நிற்கும்போது எங்கள் ஊருக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் இவர்; கோலில் நின்றவன் என் அண்ணன். பந்து இடது மூலைக்குப் போனது. அண்ணன் அதற்கு முன்பே அந்தப் பக்கம் பாய்ந்திருந்தான். மைதானத்து ஓரத்தில் பச்சை நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு இந்த ஊர் ஒரு கோல் போட்டுக் கோப்பையை வாங்கியது. மாத்து சரியாகப் போய்விட்டது, அதுதான் கோளாறு. தப்பாகப் போயிருந்தால் அவர் தன் அப்பாவை எப்போதோ மன்னித்திருப்பார்.

அடுத்த வருடம் என் மாமனார் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். "பையனை உங்க ஊருக்குக் குடுத்தோமுங்க. பொண்ணை எங்க ஊருக்குக் குடுங்க. கணக்கு நேராயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர. கல்யாணப் பந்தியில் என் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளைக்குப் பதட்டம் வந்தால் பந்தை இடது மூலைக்குத்தான் அடிப்பார் என்று பெரியவர் முன்பே சொல்லி வைத்திருந்தார் என்று, ஏதோ பெருமை பேசுகிறமாதிரி உளறிவிட்டான். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்தார். அப்பாவுக்குத்தான் அது தெரியும். மகன் சின்ன வயதிலிருந்து விளையாடுவதைப் பார்த்த அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பின் அவர் பந்தைத் தொடவில்லை. மைதானத்துப் பக்கம் போவதில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒரே தோட்டத்தில்தான் இருவரும் வேலை செய்தார்கள். ஆனால் பேச்சு என் வழியாகத்தான் போய்வரும். "அவரு சாப்ட்டாரான்னு கேளு." "மருந்து அடிக்கணும்னு அவங்கிட்டச் சொல்லும்மா." நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பகலெல்லாம் ஊசி போட்டு, பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இரண்டு பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் தபால்காரி வேலை. எத்தனை வருடம்! எனக்கு அலுத்துப் போனது. இரண்டு பேர் மேலும் கோபம் வரும். ஒரு பந்துக்காகவா என்று கேட்டால், பந்துக்காக இல்லை என்று அவர் சொல்வார். அது எனக்கும் தெரியும். தான் எதற்குச் சமம் என்று ஒரு மனிதனுக்கு அவன் அப்பாவே ஊர் நடுவில் விலை சொல்லிவிட்டால், அதை எந்தப் பெண்டாட்டி வந்து மாற்றி எழுத முடியும்?

என் மாமியார் போன பிறகு மாமாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள். நர்ஸ் என்பதால் எனக்கு முன்கூட்டியே புரிந்துவிட்டது. புரிந்து என்ன பயன்? தோட்டத்துக்கு என்று கிளம்பி மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். என் அண்ணன் பார்க்க வந்தால் மட்டும், "கீப்பரு வந்துட்டானா" என்று முகம் மலர்வார். அண்ணன் இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் தொப்பை வைத்திருக்கிறான். பந்து வந்தால் தொப்பையில் பட்டுத்தான் நிற்கும். தன் மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தம்பி என்று கூப்பிடுவார். அவரைக் குளிப்பாட்டுவதும் வேட்டி கட்டிவிடுவதும் என் வீட்டுக்காரர்தான். கீப்பரை ஞாபகம் வைத்திருக்கிறார், என்னை வைத்திருக்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. துண்டைப் பிழிகிற பிழியில் எனக்குத் தெரியும்.

போன தவக்காலத்தில் ஒரு காலை, மாமா விடாமல் அடம் பிடித்தார். நாற்காலியை எடு, பசங்க வந்திருப்பாங்க என்கிறார். எனக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. ஒரு கையை நான் பிடிக்க, மறு கையை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு, அந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, அத்தனை வருடத்துக்குப் பிறகு மைதானத்துக்கு வந்தார். பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். மாமாவை உட்காரவைத்துவிட்டு இவர் சற்றுத் தள்ளிப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்து நின்றார். அப்போது ஒரு பந்து உருண்டு அவரிடம் வந்தது. அண்ணா, பந்து என்று பையன்கள் கத்தினார்கள். லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல் இடது காலால் அடித்தார். பந்து வலது பக்கமாக வளைந்து, எல்லோர் தலைக்கும் மேலே போய் கோலுக்குள் விழுந்தது.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பழைய பிடி. "அந்தப் பையன் எந்த ஊரும்மா?"

நான் வாயெடுப்பதற்குள் அவரே கைதட்டி இவரை அருகில் கூப்பிட்டார். மேலும் கீழும் பார்த்தார். தக்காளி நாற்றைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார்.

"ஏந் தம்பி, பதட்டமே இல்லாம அடிக்கிற. எங்க ஊருக்கு வந்துடறயா? உங்க ஊருல யாரைக் கேட்டாலும் குடுத்துடச் சொல்றேன்."

என் வீட்டுக்காரர் லுங்கியை இறக்கிவிட்டார். "கீப்பரைக் கேட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்றார்.

மாமா உடனே சொல்லிவிடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அவருக்கே உரிய விதத்தில் கண்ணைச் சுருக்கி, கோல் பக்கம் ஒருமுறை பார்த்து, மறுபடி இவர் காலைப் பார்த்து, உண்மையாகவே எடை போட்டார்.

"குடுத்துடலாம். கீப்பரு வருசத்துக்கு ஒருத்தன் வருவான். இந்தக் காலு வராது."

சட்டைப் பையில் தடவி ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினார். வாடிப்போன வெற்றிலை. என் வீட்டுக்காரருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. இரண்டு கையாலும் வாங்கி, மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "வர்றனுங்க" என்றார். முன்பின் தெரியாத பெரியவரிடம் சொல்கிற மரியாதையோடு சொன்னார். பிறகு குனிந்து, நாற்காலிக் காலில் தளர்ந்திருந்த கம்பியை முறுக்குவதுபோல் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நான் பையன்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது மாமா போய்விட்டார். கடைசிவரை அவருக்கு மகனைத் தெரியவில்லை. வந்துவிட்டாயா என்று கேட்பார். வந்துட்டனுங்க என்பார் இவர்.

இப்போது மறுபடியும் தவக்காலம். ஆட்டக்காரர்களை எடுப்பதெல்லாம் செல்போன் குழுவில் நடக்கிறது; ஆனால் கமிட்டிக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கும் வருகிறார்கள். என் வீட்டுக்காரர் செடிக்குக் கம்பி கட்டிக்கொண்டே பதில் சொல்கிறார். அந்தத் தடுப்பாட்டக்காரன் ஈஸ்டருக்குள் தேறிவிடுவான் என்கிறார். அவர் கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான்: "பையன்கிட்ட மொதல்ல சொல்லிட்டீங்களா?" சொல்லவில்லை என்றால் மேலே பேசமாட்டார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, ஆள் இல்லை. சைக்கிளும் இல்லை, பச்சை நாற்காலியும் இல்லை. முன்பு ஒருவருக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனேன். இப்போதும் மூடி வைத்துவிட்டுத்தான் போகிறேன். இன்று வந்ததும் அந்தக் கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றச் சொல்லவேண்டும். அதில் உட்காருகிறவர் அவர் அப்பாவைவிடக் கனமானவர்.